கடைசியாக இறங்கும் படகு

பாய்க்கயிற்றில் பூத்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சகாயமேரி கேட்டாள்.

"டீச்சர், நான் எதுல தோக்குறேன்?"

டீச்சர் பெனிட்டா அவளைவிட இளையவள். தூத்துக்குடிக் கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித் தருகிறவள்.

"நீங்களே சொல்லுங்க அக்கா."

"ரோசாலிக்கு ஒத்தக் காலாவது இருக்கு. எனக்கு ரெண்டும் இல்ல."

"ரெண்டு பேரும் உக்காந்துதான ஓட்டுதிய? வேலை கைக்குத்தான?"

"அப்ப படகு சரியில்ல."

"போன வாரம் அவ படக உங்களுக்கு மாத்தித் தந்தேன்."

அதிலும் ரோசாலிதான் ஜெயித்தாள்.

இன்றைக்குத் தேர்வுப் போட்டி. முதலில் வருகிறவள் மும்பைக்குப் போவாள். மற்றவர்கள் வீட்டுக்கு.

"நேத்து காத்து கரைப்பக்கம் கூடுதலா, கடல்பக்கமா?" என்றாள் டீச்சர்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் போய்ச் சேருறதுக்குள்ள பந்தயத்துக்குச் சங்கு ஊதிட்டானே."

டீச்சர் மணலில் கிடந்த தூக்கு நாற்காலியைப் பார்த்தாள்.

படகில் ஏறுவதென்றால், நாற்காலியோடு இரண்டு ஆட்கள் தூக்கித் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும். கரை நிறைய ஆட்கள் நிற்பார்கள். சகாயமேரிக்கு அதில்தான் உயிர் போகும். "நீங்க போங்க, எனக்குக் கயிறு துடைக்கணும்" என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிடுவாள். கரை காலியான பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள். அதற்குள் மற்றவர்கள் கடலைச் சுற்றிவந்து காற்றைப் பார்த்து வைத்திருப்பார்கள்.

டீச்சர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குகிற ஆட்களைக் கூப்பிட்டாள்.

"அந்தோணியண்ணே, என்னையத் தூக்குங்க."

"ஒனக்கென்ன கேடு? நடந்து போயேன்."

"தூக்குங்கண்ணே!"

தூக்கினார்கள். கரையே சிரித்தது.

"மாப்பிள்ளை எங்க டீச்சர்?" என்று ரோசாலி கத்தினாள்.

ஒரு செருப்பு கழன்று அலையோடு போனது. டீச்சரும் சிரித்தாள். தண்ணீர்வரை போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"என்னைய எவ்வளவு நேரம் பாத்தாங்க அக்கா?"

சகாயமேரி கரையைப் பார்த்தாள். அந்தோணி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். ரோசாலி தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

துணியை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, மொதல்ல என்னைய."

தூக்கும்போது யாரோ சிரித்தார்கள். கண்ணை மூட மறந்துபோனாள்.

கடல் வெறிச்சென்று கிடந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்தாள். கடல்பக்கம் பாய் தொய்ந்தது. கரையோரம் வந்ததும் கயிறு கையை வெட்டி இழுத்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இன்றைக்குக் கடைசியாக வந்தது ரோசாலி.

"யக்கா, காத்து எந்தப் பக்கம் நல்லாருக்கு?"

சகாயமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அத ஒனக்குச் சொல்லிட்டா, பின்ன நான் எப்படி—"

சங்கு ஊதியது.