எருக்கு முளைத்த வாசல்

இது நான் நேரில் கண்டதல்ல. ஒரு மடத்துக்குப் போய்வரும் சிநேகிதி ஒருத்தி சொன்னது. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தைகள் மாறியிருக்கலாம்.

கோவையில் நெருக்கமான ஒரு குடியிருப்பின் நடுவே சிறிய மடம். அதை நடத்திவந்த அருள்நங்கைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் கனகசபாபதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

குடியிருப்பின் காலி மனையில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று தோட்டம் போட்டிருந்தார் கனகசபாபதி. இட்லிப்பூ, செண்டுமல்லி, நித்தியகல்யாணி. வரும் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். பூச்சியே தங்காத தோட்டம் எதற்கு, கார் நிறுத்தவாவது ஆகட்டும் என்று பேச்சு கிளம்பியிருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்கம்மா, என் தோட்டத்துல பூச்சி தங்கவே மாட்டேங்குது?"

"வர்றதே இல்லீங்களா?"

"வருதுங்க. தேனைக் குடிக்குது. சம்பந்தி வீட்டுக்கு வந்தாப்புல உடனே கெளம்பிருது."

அருள்நங்கை சிரித்துவிட்டு அவரோடு நடந்தார்.

தோட்டம் கழுவி விட்ட கல்யாண மண்டபம் போலிருந்தது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. சுவரோரம் ஓர் ஆள் கடப்பாரையால் எருக்கஞ்செடி ஒன்றைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"எருக்கு மொளைச்ச எடம் பாழும்பாங்களே, அம்மா. மத்ததை எல்லாம் புடுங்கியாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. இதுலயும் பாருங்க, வரிவரியா புழு. கண்றாவி!"

கனகசபாபதி புழுவைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"உங்க விருந்தாளி பொறக்கறப்பவே பட்டுச்சேலை கட்டிட்டுத்தான் பொறக்குமுங்களா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அப்ப... இதுவரைக்கும் புடுங்குனதெல்லாம்?"



கனகசபாபதி கடப்பாரையை வாங்கிக் கீழே வைத்தார். "இங்கயே விட்டா சங்கத் தலைவர் வந்து புடுங்கிப் போட்டுருவாருங்க."

"அப்ப வேர் அறாம மண்ணோட எடுங்க. மடத்துக்குக் கொண்டு போவோம்."

நிலைவாசலை ஒட்டியே குழி பறித்து, புழுவும் இலையுமாகச் செடியை நட்டார்கள். பால் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் நின்று பார்த்து, "வெளங்குன மாதிரிதான்!" என்றுவிட்டுப் போனாள்.

கனகசபாபதி அவள் போன பக்கமே பார்த்தார்.

"மடமே பாழாப்போச்சும்பாங்களே, அம்மா. நான் கூட்டத்துல போய் என்னன்னு சொல்றது?"

அருள்நங்கை கைமண்ணைத் தட்டினார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. கூட்டத்தை இந்த வாசல்லயே வெச்சுக்கச் சொல்லுங்க. பாழாப்போன வீட்டுக்கு யாரெல்லாம் குடிவர்றாங்கன்னு அவங்களே பாக்கட்டும்."

பிறகு நான் தேடிப் பார்த்தேன். எருக்கிலை தின்னும் அந்த வரிப்புழு, வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியாகிறது. அதன் உறவான மொனார்க், அமெரிக்காவில், எருக்குக்கு உறவான பால்செடிகளில் முட்டையிடுகிறது. அங்கேயும் அந்தச் செடியைக் களை என்றுதான் பிடுங்கியிருக்கிறார்கள்.