நானூறு துளைச் சல்லடை

காங்கேயத்தில் அரிசி மில் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று. அதன் மேனேஜர் தண்டபாணி, சல்லடைத் தகட்டுக்குத் தப்பான அளவு கொடுத்தார். காபியோடு உட்கார்ந்திருந்த முதலாளி எதிரிலேயே பழியைத் தூக்கி, கம்ப்யூட்டரில் படம் வரையும் செல்வநாயகி தலையில் போட்டார்.

"நானூறு ஓட்டையும் சின்னது! முதலாளி காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பெருசு பண்ணு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"ஒண்ணை மாத்துனாப் போதுங்களா சார்?"

"மிச்சத்தை உங்கப்பனா வந்து மாத்துவான்?"

அவள் ஒரே வட்டத்தின் அளவை மாற்றினாள். நானூறும் ஒரு நொடியில் பெருத்தன. முதலாளிக்குப் புரை ஏறியது. தண்டபாணி திறந்த வாயை மூடவில்லை.

"எப்படிம்மா?" என்றார் முதலாளி.

"வரைஞ்சது ஒண்ணுதானுங்க. மத்ததெல்லாம் அதோட நகலுங்க. அது மாறுனா எல்லாமே மாறும்."

"முன்னாடியே ஏன் அப்படிப் போட்டே?"

"தண்டபாணி சார் எழுதித் தர்ற அளவு என்னைக்குங்க சரியா இருந்திருக்கு?"