அமைச்சர் முதுகில் ஏறிய மலைப்பை

ஏழுமுடி நாட்டையே ஆட்டிப்படைத்த ராஜா விக்கிரமபூபதியை ஒரே ஒரு மூட்டை ஆட்டிப்படைத்தது. வருஷா வருஷம் அவர் மலையேறி முடியாண்டவரைக் கும்பிட வேண்டும். போக வர நாலைந்து நாள் நடை. ராஜாவே ஆனாலும் தன் மூட்டையைத் தானே சுமக்க வேண்டும். போன வருஷம் போய்வந்தவருக்குத் தோள் இரண்டும் வீங்கி, கிரீடம் வைக்கக்கூடக் கை எழும்பவில்லை.

"அம்பலவாணா! எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வாயே, மலையேறும்போது முதுகில் மாட்டிக்கொள்ள எனக்கொரு மலைப்பை தைத்துக் கொடு. இந்தத் தடவை என் தோள் வலித்ததோ, நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது!"

அம்பலவாணன் சபை விதூஷகன்தான், தையற்காரன் இல்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி. அவளை அழைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவான் பாவம்?

மறுநாள் நூலோடு வந்து, ராஜாவின் பிடரி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தான். முதலமைச்சர் திரிலோசனர் கெக்கலித்தார். அவருக்கு அம்பலவாணனைக் கண்டாலே ஆகாது.

"ஆளின் உயரத்தை விட்டுவிட்டு முதுகை அளக்கிறான் பாருங்கள்!"

"சுமப்பது முதுகுதானே ஐயா? கால் நீளமாக இருந்து பைக்கு என்ன லாபம்?"

முதலில் பழைய துணியில் ஒரு பை தைத்துப் பார்த்தான். பிறகு நல்ல தோலில் இன்னொன்று. அதில் அரிசியை நிரப்பி ராஜாவுக்கு மாட்டி, அகலமான இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கினான். அப்புறம்தான் தோள்வாரை இழுத்தான். கனமெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்தது.

"அடேயப்பா! தோளில் ஒன்றுமே தெரியலையே!" ராஜா சபையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். திரிலோசனருக்கு வயிறு எரிந்தது.

அந்த நாட்டில் மலைப்பையில் சாமான் அடுக்குவது முதலமைச்சர் உரிமை. அவர் மஞ்சள் கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டால் உச்சியில்தான் அவிழ்க்கலாம். முடிச்சுப் போட்ட பையை யார் முதலில் முதுகில் ஏற்றுகிறாரோ, அவரே உச்சிவரை சுமக்க வேண்டும். திரிலோசனர் என்ன செய்தார் தெரியுமா? வேட்டிக்கும் அவலுக்கும் நடுவே ஒரு ஆட்டுக்கல் குழவியைத் திணித்து முடிச்சுப் போட்டுவிட்டார்!

புறப்படும் நாளன்று இரண்டு சேவகர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்கப் பையைக் கையால் தூக்கிவந்தார்கள். அம்பலவாணன் விரலால் குத்திப் பார்த்தான். விரல்தான் வலித்தது. போச்சுடா! அவிழ்க்கவும் முடியாது, சொன்னால் நம்பவும் மாட்டார்கள். அமைச்சரோ மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, சாமான் ஏறியபின் வாரை இன்னொரு தடவை சரிபார்க்கணும். தங்களைப் போலவே கம்பீரமான முதுகு இந்தச் சபையில் அமைச்சருக்குத்தான் இருக்கிறது. அவர் கொஞ்சம் மாட்டிக் காட்டினால்..."

கம்பீரம் என்ற சொல் காதில் விழுந்ததும் அமைச்சர் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்துவிட்டார். பிறகுதான் குழவி ஞாபகம் வந்தது.

"எனக்கு... மூச்சுப் பிடிப்பு..."

"சும்மா மாட்டுமய்யா!" என்றார் ராஜா. புறப்படுகிற குஷியில் அவருக்கும் வழக்கம் மறந்துபோயிருந்தது.

மாட்டினார். கோட்டைப் படியில் ஏறி இறங்கச் சொன்னான் அம்பலவாணன். பை பின்னால் இழுக்க, அமைச்சர் முன்னால் இழுக்க, கண் இரண்டும் பிதுங்கின.

"கனமா இருக்கா ஐயா?"

கனம் என்றால் உள்ளே என்ன வைத்தீர் என்ற கேள்வி வருமே! "பஞ்சு... பஞ்சு..." என்று முனகினார்.

"அப்பாடா, கவலை விட்டது! முதலில் ஏற்றியவர் நீங்கள். இனி உச்சிவரை நீங்கள்தான்!"

அமைச்சர் பையோடு மல்லாந்து விழுந்தார். "ஐயோ மகாராஜா! உள்ளே குழவி இருக்கு! இவனை நாடு கடத்தணும் என்று நான்தான் வைத்தேன்!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அதற்கு என் தோள்தான் கிடைத்ததா? எழுந்து நடவும்!" என்றவர், பழைய துணிப்பையைத் தன் முதுகில் மாட்டிப் பட்டையை இறுக்கினார். "அம்பலவாணா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அம்பலவாணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. ஆனால் குழவி மட்டும் தனியாக மலைக்குப் போய் எதை அரைக்கும்? ஆட்டுக்கல்லையும் அமைச்சர் முதுகிலேயே ஏற்றிவிட்டால், உச்சியில் சுடச்சுடத் தோசை சாப்பிடலாம்!"

ராஜா சிரித்த சிரிப்பில் இடுப்புப் பட்டை தெறித்தே போய்விட்டது.