கதவுக்குள் போன குரல்

“கோளாறு காருல இல்லீங் அம்மணி. டீச்சர் காதுல இருக்குது” என்றார் நாச்சிமுத்து.

திலகா தன் கார் ஆடியோ கடையில் ஒயரின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எத்தனாவது தடவைங்ணா?”

“மூணாவது.”

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. உயரம் ஆறடி இரண்டங்குலம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோயில் நோம்பி, திருவிழாக்களுக்கெல்லாம் முப்பது வருஷம் மைக் செட் போட்டவர். அவர் ஒரு பாட்டைப் போட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். வேண்டாம் என்று காதைப் பொத்தினாலும் கேட்கும்.

போன வருஷம் ஒருநாள், திலகா ஆடியோ பொருத்திய ஒரு காரில் தற்செயலாக ஏறி உட்கார்ந்தார். அரைப் பாட்டுக்குள் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவள் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்று, “என்னையும் சேத்துக்குங் அம்மணி” என்றார். அவளுக்கு அவருடைய மகள் வயது. அவள் சேர்த்துக்கொண்டாள்.

பொன்மணி டீச்சரின் சின்னக் கார்தான் அவர் தனியாகச் செய்த முதல் கார்.

டீச்சருக்குப் பள்ளிக்கூடம் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். அவர் வீட்டுக்காரர் கந்தவேல் பஜனைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன். ஆள் நன்றாகத் தேறிவிட்டார், குரல்தான் திரும்பவில்லை. இப்போது எதுவானாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். அவர் பாடிய பழைய பாட்டுகள் டீச்சரிடம் இருபது இருக்கின்றன. வீட்டில் போட்டால் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் டீச்சருக்குக் கார்தான்.

“பெரிய சத்தமெல்லாம் வேண்டாமுங்க. அவரு எனக்கு நேர் எதிர்ல நின்னு பாடோணும். அவ்வளவுதான்” என்று டீச்சர் கேட்டிருந்தார்.

நாச்சிமுத்து உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். கதவுகளுக்குள் அதிர்வு அடக்கும் ஷீட் ஒட்டினார். பெரிய ஸ்பீக்கரைக் கதவின் கீழேயும், சின்ன ஸ்பீக்கரை முன்கண்ணாடி ஓரத்து மூலையிலும் வைத்தார். ஓட்டுகிறவருக்கு வலது ஸ்பீக்கர் கிட்டத்தில் இருக்கிறது, இடது தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காக்க வைத்தால்தான் இரண்டும் சேர்ந்து காதுக்கு வரும். அப்படி வந்தால், பாடுகிறவர் டேஷ்போர்டின் நடுவில் நிற்பார். ஸ்பீக்கரிலிருந்து தன் காது வரைக்கும் டேப் பிடித்து அளந்து, நேரம் வைத்து, கேட்டார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாருக்குப் பின்னால் நின்று கந்தவேல் பாடினார்.

டீச்சர் எடுத்துப் போனார். மூன்றாம் நாள் கார் திரும்பி வந்தது.

“வலது கதவுக்குள்ள போயிர்றாருங்க.”

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து கேட்டார். கந்தவேல் பிள்ளையாருக்குப் பின்னால்தான் இருந்தார். மறுபடி அளந்தார், அனுப்பினார். மறுபடி வந்தது. இன்று காலையில் மூன்றாவது முறை.

“மூணு தடவையும் அளந்தேன் அம்மணி. ஒரு நூல் மாறல.”

“ஒரு நூல்கூட மாறலீங்களா?”

“மாறல” என்றார் பெருமையாக.

திலகா கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஒருக்கா ஏறி உக்காருங்ணா. பாக்கறேன்.”

அவர் போய்க் காரில் உட்கார்ந்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப டேப் புடிப்பீங்க?”

“ஆமா.”

“அதுக்கு முன்ன?”

“உக்காந்தேன்.”

“அதுக்கு முன்ன?”

“கதவத் தொறந்தேன்.”

“கதவத் தொறந்ததுக்கும் உக்காந்ததுக்கும் நடுவுல?”

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். நடுவில் என்ன இருக்கிறது? காலைத் தூக்கி உள்ளே வைத்தது இருக்கிறது.

“எனக்குப் புரியல அம்மணி. நேராச் சொல்லிருங்க.”

“இன்னும் சித்த நேரத்துல, நாலு மணிக்கு டீச்சர் வருவாங்க. அவங்க ஏறுறதப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

நாலு மணிக்கு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். சின்ன உருவம். நாச்சிமுத்துவின் சட்டைப் பைக்குக் கொஞ்சம் மேலே வருவார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் நாச்சிமுத்துவுக்கு என்னவோ போல் இருந்தது.

“விட்டுருங்கண்ணா. நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க? அவரே சிலேட்டுல எழுதிட்டாரு, ‘போதும், கழட்டிரச் சொல்லு’ன்னு. லீவுல கொண்டாந்து விடறேன், கழட்டிருங்க.”

நாச்சிமுத்து, இதற்கு அப்புறம் இந்தக் கடையில் தனக்கு என்ன வேலை என்று நினைத்தார்.

டீச்சர் காரின் கதவைத் திறந்தார். பின்சீட்டில் கிடந்த குஷனை எடுத்து முன்சீட்டில் போட்டார். குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, முன்னால் இழுத்தார்.

கடக். கடக். கடக். கடக்.

உள்ளே உட்கார்ந்து, தலைக்கு மேலே இருந்த, பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தனக்குத் தகுந்த மாதிரி இறக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து கதவருகே குனிந்தார்.

“டீச்சர்... தெனமும் இப்புடி இழுப்பீங்களா?”

“இல்லீங்களே. இங்க விட்டு எடுக்கறப்ப மட்டுந்தான்.”

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். முப்பது வருஷம் ஆம்ப்ளிஃபயர் தூக்கிய கை. எந்தக் காரின் கதவைத் திறந்தாலும், அவரைக் கேட்காமலே சீட்டுக்கு அடியில் போய், கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவிடுகிற கை.

“எறங்குங்க டீச்சர். சித்த நேரம். கும்பிட்டுக் கேக்கறேன், எறங்குங்க.”

டீச்சர் இறங்கினார்.

நாச்சிமுத்து சீட்டைத் தொடவில்லை. குஷனை எடுக்கவில்லை. ஆறடி இரண்டங்குலத்தையும் மடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் முழங்கால் முட்டியது. தலை கூரையில் இடித்தது. வழியில் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

டீச்சர் தலை எங்கே இருக்கும்? கண்ணாடியைப் பார்த்தார். அதில் காரின் கூரைதான் தெரிந்தது. கழுத்தை வளைத்துக் குனிந்தார். இன்னும் குனிந்தார். முதுகு வளைந்து, தாடை ஸ்டீயரிங்கைத் தொடுகிற அளவுக்கு வந்தபோது, கண்ணாடிக்குள் பின்பக்கத்து ரோடு முழுசாகத் தெரிந்தது.

இங்கேதான் அந்த அம்மா தினமும் இருக்கிறார்.

பாட்டைப் போட்டார். குரல் வலது கதவுக்குள் இருந்து வந்தது. டீச்சர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

அப்படியே குனிந்தபடி டேப் பிடித்தார். ஒரு அளவுகூடப் பழைய அளவு இல்லை. நேரத்தை மாற்றினார், கேட்டார். மறுபடி மாற்றினார். கால் மரத்துப்போனது. குரல் கதவை விட்டு நகர்ந்தது, ஸ்டீயரிங்குக்கு மேலே வந்தது, தயங்கியது, பிள்ளையாருக்குப் பின்னால் போய் நின்றது.

அவர் இறங்குவதற்கு டீச்சர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

டீச்சர் உட்கார்ந்தார். நாச்சிமுத்து வெளியே நின்று, மூடிய கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாட்டு தொடங்கியது தெரிந்தது. டீச்சர் கியரில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையார் இருந்த பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். ஒரே சொல். உதட்டைப் பார்த்தால் ‘வாங்க’ என்று சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கி, அவரைப் பார்த்து இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார்.

கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நாச்சிமுத்து பதிலுக்குக் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கையை இறக்காமலே திரும்பினார். எதிர்க் கடையில் டீ குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்திருந்த திலகா வந்துகொண்டிருந்தாள்.

“அத்தன நேரம் டீச்சர் சீட்டுல மடங்கி உக்காந்திருந்தீங்களே, முழங்கால் எப்புடி இருக்குதுங்ணா?”

“வலிக்குது” என்றார். கண் நிறைந்திருந்தது. “நல்லா வலிக்குது அம்மணி.”