கல்லுல கை வெச்சு வெயிலா குளிரான்னு கேட்ட கதை

மலை அடிவாரத்துல ஒரு ஊர் இருந்துச்சாம். பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது, விடுங்க. சித்திரை வந்தா அங்க வெயில் மண்டையப் பொளக்கும், மார்கழி வந்தா குளிர்ல பல்லு கடகடன்னு அடிச்சுக்கும். வெயில்ல வேகுறப்போ குளிரே தேவலைன்னுவாங்க, குளிர்ல நடுங்குறப்போ வெயிலே தேவலைன்னுவாங்க. எனக்கும் எது பிடிக்கும்னு இன்னிவரைக்கும் தெரியல. சிரிக்காதீங்க, உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்.

அந்த ஊர் சனம் கூடுற மந்தையில ஒரு பெரிய கருங்கல்லு. அதுமேல உள்ளங்கையை வெச்சுச் சொன்ன பேச்சை யாரும் மாத்தக் கூடாது. சொல்லி முடிக்கிற வரைக்கும் கையையும் எடுக்கக் கூடாது. அது ஊர்க்கட்டு.

அந்த நாட்டு ராசா நல்லவருதான், ஆனா கொஞ்சம் குழப்படி ஆளு. மலை மேல வீடு கட்டிவிட்டு, குளிர் பிடிச்சவங்க மேல போயிருக்கட்டும், வெயில் பிடிச்சவங்க கீழயே இருக்கட்டும், அவங்கவங்க இஷ்டம்னு சொல்லி அனுப்பினாரு. மேல போறவங்க நிலம் ஊர் மணியக்காரர் பொறுப்புல இருக்கட்டும்னும் சொல்லிட்டாரு. அங்கதான் வந்துச்சு வினை. மணியக்காரன் பேரு ராக்கண்ணு. அவன் என்ன பண்ணான், சித்திரை மாசத்துல, உச்சிவெயில்ல, ஊரையே கூட்டிக் கல்லுகிட்ட நிறுத்தி, எதுக்குன்னு சொல்லாம, வெயிலா குளிரா எது பிடிக்கும்னு கை வெச்சுச் சொல்லுங்கன்னுட்டான்.

முதல்ல பெத்தான் வந்தான். கையை வெச்சான். கல்லு தோசைக்கல்லாட்டம் காயுது. குளிருதான் பிடிக்கும்னு கத்திட்டுக் கையை எடுத்தான். அப்புறம் மாராயி வந்தா. கையை வெச்சா, குளிருதான்னு கத்தினா. அப்புறம் கருப்பண்ணன், அவரு கல்லுகிட்ட வரப்பவே குளிரு குளிருன்னுட்டுத்தான் வந்தாரு. இப்படியே ஊரு மொத்தமும் சொல்லிச்சு. சொன்னவங்க எல்லாம் மலைக்குக் கிளம்புங்கன்னுட்டான் ராக்கண்ணு. அப்பத்தான் எல்லாரும் திருதிருன்னு முழிச்சாங்க. ஊர்க்கட்டாச்சே, என்ன பண்றது?

கடைசியா வெள்ளாயி வந்தா. புருசன் இல்லாதவ, அவளுக்குன்னு இருந்தது ஒரு துண்டு கேவுரு நிலம், அது ஒண்ணுதான் சோறு போட்டுச்சு. களி கிண்டிக் கிண்டிக் காய்ச்சுப்போன கை அவளுக்கு, சூடு அவ்வளவா உறைக்கல. கையை வெச்சவ யோசிக்க ஆரம்பிச்சுட்டா. சீக்கிரம் சொல்லுடின்னான் ராக்கண்ணு.

"குளிர் பிடிக்கும்னு சொல்லலாம்னுதான் வந்தேன். போன மார்கழியில வெயிலு வெயிலுன்னு அழுதவளும் நான்தானே. எது நெசம்னு எனக்கே புரியலீங்க," அப்படின்னா.

ராக்கண்ணுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மார்கழியில ராசா வராரு, அதுக்குள்ள முடிவு பண்ணு, இல்லேன்னா நிலமும் கிடையாது வீடும் கிடையாதுன்னு துரத்திட்டான்.

பாவம், வெள்ளாயிக்குத் தூக்கம் போச்சு. நிலம் போயிருமேன்னு, தனக்கு எது பிடிக்கும்னு கண்டுபிடிக்கக் கிளம்பிட்டா. ஆடு என்ன பண்ணுதுன்னு பார்த்தா, அது வெயில் காலத்துல நிழல்ல படுக்குது, பனிக்காலத்துல வெயில்ல படுக்குது. எருமையைப் பார்த்தா அது எப்பவும் தண்ணியில கிடக்குது, அதுகிட்ட என்னத்தைக் கேட்க? சரின்னு கார்த்திகையில மலையேறி ஊர்க்காரங்களையே கேட்டா. குளிர்தான்னு கத்தின பெத்தான் போர்வைக்குள்ள சுருண்டு கிடந்து, கொஞ்சம் வெயிலு கிடைச்சா போதும் தாயின்னான். மாராயி குழந்தை இருமி இருமிக் கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. அதைப் பார்த்து வெள்ளாயி அழுதுட்டா. இறங்கி வரப்போ முன்னைவிடக் குழப்பம் ஜாஸ்தி.

மார்கழியும் வந்துச்சு. ராசா விடியக்காலையில வந்து மந்தையில உட்கார்ந்தாரு. மலையில இருந்து ஊர்க்காரங்களும் நடுங்கிக்கிட்டே இறங்கி வந்து நின்னாங்க. வெள்ளாயி கல்லுல கையை வெச்சா. ராத்திரி பூரா பனியில கிடந்த கல்லு, கை மரத்துப் போகுது. வெயிலுன்னு சொல்ல வாயெடுத்தவ, சடக்குன்னு நிறுத்திட்டா. இருங்க, இருங்க, அவளுக்கு இப்பத்தான் ஏதோ புரியுது.

"சாமி, நான் சொல்றேன். ஆனா ஊர்ல எல்லாரும் சொல்லியாச்சு, மணியக்காரரு மட்டும் இன்னும் சொல்லல. அவரு சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்," அப்படின்னா.

நியாயம்தானேன்னாரு ராசா. ராக்கண்ணு கையை வெச்சான். வெச்ச உடனே குளிரு எலும்புக்குள்ள ஏறிருச்சு. வெயிலு, வெயிலுதான் எனக்குப் பிடிக்கும்னு அலறிட்டுக் கையை எடுத்துட்டான்.

ராசாவுக்கு ஒரே சந்தோசம். கடலோரத்துல எனக்கு ஒரு உப்பளம் இருக்கு, அங்க நிழலுன்னா என்னன்னே தெரியாது, இஷ்டப்பட்டவன் நீயே போய் உப்பு வாருன்னுட்டாரு.

ராக்கண்ணு தடால்னு காலில விழுந்தான்.

"சாமி, குளிர்ல கை விறைச்சதால அப்படிச் சொல்லிட்டேன். இதையே சித்திரையில கேட்டிருந்தா குளிருதான்னு சொல்லியிருப்பேன்."

ராசா தலையைச் சொறிஞ்சாரு. ஊர்க்காரங்க முகத்தைப் பார்த்தாரு. மாராயி இடுப்புல இருமுற குழந்தையைப் பார்த்தாரு. இவங்களை நீ எந்த மாசம் கேட்டேன்னாரு. ஊரே சேர்ந்து சொல்லிச்சு, சித்திரை உச்சிவெயிலுங்க சாமின்னு.

"அப்ப அவங்க பேச்சும் உன் பேச்சும் ஒண்ணுதான். அவங்க இறங்கி அவங்கவங்க நிலத்துக்குப் போகட்டும். எட்டு மாசம் அவங்களைக் குளிர்ல போட்டே, நீ எட்டு மாசம் உப்பளத்துல கிடந்துட்டு வா," அப்படின்னாரு. மணியமும் போச்சு. எட்டு மாசத்துல பங்குனியும் வரும், சித்திரையும் வரும், நல்லா வெந்திருப்பான்.

அப்புறம் ராசா வெள்ளாயியைக் கூப்பிட்டு, நீயாவது சொல்லும்மா, உனக்கு எது பிடிக்கும்னாரு. தெரியலீங்க சாமின்னா. எனக்கும்தான் தெரியலன்னுட்டுக் குதிரையேறிப் போயிட்டாரு. வெள்ளாயி களைக்கொத்தை எடுத்துக்கிட்டு நிலத்துக்குப் போனா.

கை வேகுறவன் வாயில இருந்து பிடுங்குன பேச்சை அவன் கழுத்துல கட்டாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்றது. அவங்க கேவுரு அறுத்துக் களி தின்னாங்க, நம்ம கதையும் சோறும் ஆறிப்போச்சு, எழுந்திருச்சுக் கையக் கழுவுங்க.