ஒச்சம்மா வண்டியின் உதறல்

சந்தேகம் என்று ஒன்று புகுந்துவிட்டால் ஒச்சம்மாவிடம் யார் பேச்சும் எடுபடாது. ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கைக்காய் ஏற்றும் பழைய பிக்கப் வண்டிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் கடகடக்கவே, வேலுச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். அதன் மூட்டில் போடும் சிலுவை வடிவப் பாகமான கிராஸையும் புதுசாக அவளே வாங்கிக் கொடுத்தாள். பழசை மாட்டி ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம்தான்.

வேலுச்சாமி முறையாகத்தான் செய்தார். பிரிப்பதற்கு முன்னால் ஷாஃப்டின் இரண்டு துண்டுகளிலும் நேருக்கு நேர் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டோடு கோடு சேர்த்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். பிசகினால் வண்டி உதறும். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜைக்கு வந்த ஒச்சம்மாவுக்கு, வண்டி துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து மனசே ஆறவில்லை. ஷாஃப்ட் துண்டுகளை மண்ணெண்ணெய் போட்டுப் பளிச்சென்று துடைத்தாள். இரும்பில் பொட்டு நிற்கவில்லை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, இரண்டிலும் அழுத்தித் தீற்றிக் கும்பிட்டுப் போனாள்.

ஊருக்குப் போயிருந்த ஃபிட்டர் மொக்கராசு திரும்பி வந்து ஷாஃப்டை மாட்டினான். வண்டி வேகமெடுத்ததும் உதறிய உதறலில் காயெல்லாம் துள்ளியது. புது கிராஸை விற்றுவிட்டான் திருட்டுப்பயல் என்று ஒச்சம்மா வந்து நின்றாள். அவனை வேலையைவிட்டு அனுப்பாவிட்டால் சந்தை முழுக்கச் சொல்லிவிடுவாளாம். சந்தை வண்டிகளை நம்பித்தான் அந்த ஒர்க்‌ஷாப்பே ஓடுகிறது. மொக்கராசு அழுகையை அடக்கிக்கொண்டு பையைக் கட்டினான்.

"அடையாளம் பாத்தியாடா?" என்றார் வேலுச்சாமி.

"பாத்துத்தாண்ணே மாட்டுனேன். செவப்போட செவப்பு சேத்துருக்கேன்."

"நான் போட்டது வெள்ளைக் கோடுல்லடா?"

ஒச்சம்மா கையைத் தட்டினாள். "ஒருத்தரு வெள்ளைங்கிறாரு, ஒருத்தன் செவப்புங்கிறான். பொய்யைக்கூடப் பேசி வச்சுக்கிட்டுச் சொல்லத் தெரியலையே."

எல்லாவற்றையும் கேட்டீர்கள். இனி நீங்களே சொல்லுங்கள்: வண்டி உதறியதற்கு யார் காரணம்?

விடை: இரண்டு பேரும் சொன்னது நிஜம். வெள்ளைக் கோட்டைத் துடைத்ததும், கோடு இருந்த இடம் தெரியாமல் வேறு இடத்தில் சிவப்பைத் தீற்றியதும் ஒச்சம்மாவின் கைதான். அதைப் பெயிண்ட் அடையாளம் என்று நம்பி மாட்டிவிட்டான் மொக்கராசு. கிராஸ் புதுசாகவே இருந்தது. வேலுச்சாமி வண்டிக்கடியில் புகுந்து சிவப்பைச் சுரண்டி, விரலை ஒச்சம்மாவிடம் நீட்டினார். குங்கும வாசனை. மொக்கராசு கட்டி வைத்த பையை அவளே அவிழ்த்தாள்.