மாடு தொலைத்த அசை

அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் நம்மைப் போலவே பேச்சு உண்டு. எங்கே மேய்வது, எங்கே படுப்பது என்பதையெல்லாம் மாலையில் இலுப்பை மரத்தடியில் கூடித்தான் முடிவு செய்வார்கள். தலைவர் கேட்பார், பிடிக்காதவர்கள் "மாட்டேன்" என்பார்கள். ஒரே ஒரு மாட்டேன் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். பொழுது போய்விடும்தான். ஆனாலும் யாரும் மனக்குறையோடு படுத்ததில்லை.

ஒரு கோடையில் மயிலை என்ற காளையை எல்லாரும் ஆசைப்பட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல பேச்சுக்காரர். செவலை என்ற பசுவுக்கு அவரென்றால் உயிர். ஆற்றில் விழுந்த அவளுடைய மூத்த கன்றை இழுத்துக் கரை சேர்த்தவர் அவர்தான்.

"எல்லாத்துக்கும் மாட்டேன் மாட்டேன்னா எப்பத்தான் மேயறது? மெதுவாச் சொல்லுங்க தாயி" என்றார் மயிலை. எல்லாரும் சிரித்தார்கள். மழைக்காலம் வந்ததும், "சம்மதிக்கிறவங்க வாயைத் திறக்கவே வேணாம், தலையை ஆட்டுனாப் போதும்" என்றார். அதுவும் சுலபமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள், "புலி நடமாட்டம் இருக்கு. அந்தக் கடைசி அசை, 'டேன்'தான் காடு முழுக்கக் கேக்குது. 'மா'வோட நிறுத்திக்குங்க. எனக்குப் புரியாதா?" என்றார்.

ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "எங்கண்ணன் நமக்குக் கெடுதல் பண்ணுவாரா?" என்று செவலைதான் அவர்களை அடக்கினாள். முதலில் தலையாட்டியதும் அவள்தான். புலியை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அந்த அசை மெல்ல மெல்ல எல்லார் நாக்கையும் விட்டுப் போயிற்று.

அடுத்த கோடையில் மயிலை கேட்டார்: "கன்னுங்களை என் பட்டியில விட்டுடுங்க, நானே வளக்குறேன். சம்மதம்தானே?"

பழக்கதோஷத்தில் தலைகள் ஆடின. செவலையின் தலையும் ஆடிவிட்டது. மறுகணமே பதறிப்போய் வாயைத் திறந்தாள்.

"ம்மா..."

அவ்வளவுதான் வந்தது. கண்ணீர் வழிய மறுபடி முயன்றாள். அதே "ம்மா".

"என்ன தாயி சொல்ற? புரியலையே" என்று மயிலை அன்பாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, அந்தக் கோடையில் பிறந்த அவளுடைய இளங்கன்றை ஓட்டிப் போனார்.

பட்டிக்குள்ளிருந்து கன்று "ம்மா" என்று பதில் கொடுத்தது. பாவம், பிறந்ததிலிருந்து அது கேட்ட மறுப்பெல்லாம் அந்தப் பாதிச் சொல்தான். செவலை வேலி இடுக்கில் முகத்தை நுழைத்து அதன் நெற்றியை நக்கிக்கொண்டே நின்றாள்.

அன்று முதல்தான், கன்றைப் பிரித்துக் கட்டினால் பசு "ம்மா" என்று கதறுகிறது. அம்மா என்கிறது என்று நாம் பூரித்துப் போகிறோம். மேய்ந்து முடித்துப் படுத்த பிறகும் அதற்கு வாய் ஓய்வதில்லை. விட்டுப்போன அந்த ஓர் அசையைத் தேடி, இன்னமும் அசைபோட்டுக்கொண்டே இருக்கிறது.